மூன்றாம் வாய்க்கால் காலனியில் தலை புகைந்த காலம்

மூன்றாம் வாய்க்கால் காலனியில் முதன்முதலாகத் தலை புகைந்தது ஆறுமுகநயினாருக்கு. ரேஷன் கடையில் பாமாயிலுக்கு வரிசையில் நின்றவனின் உச்சந்தலையிலிருந்து ஊதுபத்திப் புகை அளவுக்கு ஒன்று கிளம்பி, நேராக மேலே போய், தகரக் கூரையைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து வாசல் வழியாக வெளியேறியது. அவனோ பின்னால் நிற்கிற எவனோ பீடி குடிக்கிறான் என்று திரும்பித் திரும்பி முறைத்துக்கொண்டிருந்தான். யாரும் அலறவில்லை. "நயினாரே, உள்ள பூராச் சாக்கு கெடக்கு, கொஞ்சம் வெளிய நில்லும்" என்று கடைக்காரர் மட்டும் சொன்னார். நயினார் வெளியே நின்று பாமாயிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் தலையைப் பார்த்த பெண்டாட்டி, "உள்ள என்னத்தய்யா வச்சிருக்கீரு" என்று கேட்டதுதான் தாமதம், தம்பி வீட்டு ஓலையில் தீ வைக்க மூன்று நாளாகப் போட்டிருந்த திட்டம் முழுவதையும் கொட்டிவிட்டு, கைலியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுது முடித்தபோது புகை நின்றிருந்தது.

அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் காலனி நான்கு தடவை எரிந்திருந்தது. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் எழுபது ஓலை வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிறவை. ஒரு வீட்டில் வைத்த தீ அந்த வீட்டோடு நிற்காது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், தெரிந்தும் வைத்தார்கள். வேலித் தகராறுக்கு ஒருவன் வைத்தான், பெண் கொடுக்க மறுத்ததற்கு ஒருவன் வைத்தான், கோயில் கொடையில் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று ஒருவன் வைத்தான், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தன் வீட்டுக்கே ஒருவன் வைத்தான். வைத்தது யாரென்று தீ அணைவதற்குள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஆனால் சிவப்பு வண்டியில் வந்து இறங்குகிற தீயணைப்பு நிலைய அலுவலர் தனுஷ்கோடி, சாம்பலுக்கு நடுவில் நின்று காகிதத்தை விரித்துக் காரணம் கேட்கும்போது, எழுபது வீடும் ஒரே குரலில் "அடுப்புப் பொறி சார்" என்று சொல்லும். நம்ம ஆளை நாமே காட்டிக்கொடுப்பதா என்கிற ரோஷம். வீட்டைக் கொடுத்தாலும் கொடுப்பார்களே தவிர ஆளைக் கொடுக்க மாட்டார்கள்.

நான்காவது தீயில் ஒரு பிள்ளை போனது. ஜெயக்கனி, வயது ஆறு, காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தாள். அவள் அம்மா சண்முகக்கனி அந்நேரம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தீ வைத்தவன் அடுத்த வீட்டு உச்சிமாகாளி. பெண்டாட்டி செல்வி அப்பன் வீட்டுக்குப் போன கோபத்தில் தன் வீட்டைத்தான் எரிக்க நினைத்தான், காற்று அவன் நினைப்பைக் கேட்கவில்லை. அன்றும் தனுஷ்கோடி காகிதத்தை விரித்தார், அன்றும் "அடுப்புப் பொறி சார்" என்று குரல்கள் வந்தன, பெற்றவளின் குரலும் அதில் இருந்தது, வாய் பழகிப்போயிருந்தது. மாகாளிதான் தானாக முன்னால் வந்து, "பொறி இல்லை சார், நாந்தான்" என்று கையை நீட்டினான். நான்கு வருஷம் உள்ளே போனான். சண்முகக்கனியின் புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன் போனவன்தான்.

அதன் பிறகுதான் தனுஷ்கோடி, வண்டி இல்லாமல், யூனிபார்ம் இல்லாமல், ஒரு பழைய மொபெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிக்கு வர ஆரம்பித்தார். இடது காது பாதி வெந்துபோன, தொந்தி விழுந்த மனிதர். "எரிஞ்ச பிறகு வந்து தண்ணி அடிச்சு எனக்கு அலுத்துப்போச்சு. எரியறதுக்கு முன்னால வரணும்னா எனக்கு உங்க கூட்டு வேணும்" என்றார். ரேஷன் கடை வாசலில் கூட்டம் போட்டார், தீத்தடுப்புக் குழு என்று ஒன்றை அமைத்தார், வீட்டுக்கு ஒரு மணல் வாளி, தெருமுனைக்கு ஒரு தண்ணீர் டிரம், நான்கு விசில், முறைவைத்துப் பகலும் இரவும் காவல். குழுவுக்குத் தலைவி சண்முகக்கனி. நானே இருக்கிறேன் என்று அவளாகச் சொன்னாள், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. குழு அமைத்த மூன்றாம் மாதம்தான் நயினாருக்குத் தலை புகைந்தது.

பிறகு அது சாதாரணமாகிவிட்டது. தீ வைக்கும் எண்ணம் மனசில் ஊன்றிய மூன்றாம் நாள், யாராக இருந்தாலும், எண்ணெய் தேய்த்தாலும் தொப்பி போட்டாலும், உச்சி புகைந்தது. கோயில் பூசாரி இது அம்மன் செயல் என்றார், பாதிரியார் இது மனசாட்சி என்றார், பிறகு இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் லேசாகப் புகைந்ததால் அந்த விவாதம் அப்படியே நின்றுபோனது. வேலித் தகராறுக்கு வெள்ளைப் புகை, பெண் விஷயத்துக்கு நீலம், கூடப்பிறந்தவனோடு பகை என்றால் கரிய புகை, அதுதான் இறங்க ரொம்ப நேரம் பிடிக்கும் என்று பிள்ளைகள்கூடப் பிரித்துச் சொன்னார்கள். புகைகிறவன் பக்கத்தில் கொசு அண்டாது என்று கண்டுபிடித்த பெண்கள், அவன் வீட்டு வாசலில் தொட்டிலைக் கொண்டுவந்து கட்டினார்கள். முடிவெட்டுகிறவர் மட்டும், இறங்கின பிறகு வாங்க என்று திருப்பி அனுப்பினார்.

முதல் சில தலைகளை அடித்தார்கள். அடிக்க அடிக்கப் புகை தடித்ததே தவிர இறங்கவில்லை. கனிதான் அதைக் கவனித்து, தனுஷ்கோடியிடம் கேட்டு, ஒரு முறை கொண்டுவந்தாள்: தலை புகைகிறவரின் வலப்பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர், இடப்பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் போய், தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு, எதிரில் உட்கார வேண்டும், காரணம் கேட்கக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, கஞ்சி கொடுக்கலாம், புகை இறங்கும்வரை எழுந்திருக்கக்கூடாது. ரேஷன் கடைச் சுவரில் கரியால் அதை எழுதிப்போட்டார்கள். ஆம்பளை கோபம் ஆறு மணி நேரத்தில் இறங்கியது, பொம்பளை கோபத்துக்கு இரண்டு நாள் ஆனது, அவர்கள் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்தது என்பதால். நான்கு வருஷம் காலனியில் ஒரு ஓலை கருகவில்லை. தனுஷ்கோடி தன் மாற்றல் உத்தரவை இரண்டு தடவை கெஞ்சி நிறுத்தி வைத்தார், இந்தக் கூட்டைவிட்டுப் போக அவருக்கு மனசில்லை.

மனிதர்களுக்கு நல்லது நடந்தால் உடனே மிதப்பு வந்துவிடும், இவர்களுக்கும் வந்தது. தலையே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது, பிறகு காவல் எதற்கு என்று காவலை விட்டார்கள். டிரம்மில் கருவாட்டுக்கு மீன் ஊறப்போட்டார்கள், வாளி மணலில் கோழி குளித்தது, விசில் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. "தண்ணிய நிரப்பி வைங்கம்மா, புகை வராத தீயும் இருக்கும்" என்று தனுஷ்கோடி தலைபாடாக அடித்துக்கொண்டார். "அப்படி ஒண்ணு இருந்தா வரட்டும் சார், பாத்துக்கிடுவோம்" என்று கனியே சிரித்துச் சொன்னாள். காலனிக்குத் தெற்கே கண்டெய்னர் யார்டு வைத்திருந்த முதலாளி அதே வருஷம் மூன்று தடவை ஆள் அனுப்பி, இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கேட்டுப்பார்த்தார். மாட்டோம் என்றார்கள். வந்த ஆட்களின் தலையெல்லாம் சுத்தமாக இருந்ததால் அதை அதோடு மறந்துவிட்டார்கள்.

மாகாளி தண்டனை முடிந்து திரும்பி வந்தது அப்போதுதான். போக வேறு இடம் இல்லாமல் தன் பழைய மனையில் நான்கு கம்பை நட்டு, மேலே சாக்கைப் போட்டுக்கொண்டு கிடந்தான். யாரும் அவனை விரட்டவுமில்லை, பேசவுமில்லை. வலப்பக்கம் கனியின் வீடு, இடப்பக்கம் தெரேசம்மாளின் வீடு. அவள் புருஷன் பக்கவாதத்தில் இரண்டு வருஷமாகப் படுக்கை. மாகாளி வந்து ஐந்து மாதம் கழித்து, பங்குனியில், மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று முன்கூட்டியே கிளம்பி அடித்த ஒரு மத்தியானம், அவன் தலையிலிருந்து நீலப் புகை எழும்பியது.

தெரேசம்மாள் உப்பு மூட்டை தைக்கப் போயிருந்தாள். முறைப்படி கனிதான் போக வேண்டும், அவள் ஒருத்தியாகப் போக வேண்டும். வேறு யாராவது போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்துப் பேர் வந்திருப்பார்கள். ஆனால் அந்த முறையை எழுதிப்போட்டவள் அவள், எழுதும்போது இவன் திரும்பி வருவான் என்று நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், உடைமரத்து நிழலில் நான்கு முழம் தள்ளி அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"மைனி, நீங்க போங்க. என்னைய நானே பாத்துக்கிடுதேன்" என்றான் மாகாளி.

"உன்னைய நீ பாத்துக்கிட்ட லெட்சணம் தெரியும். தீப்பெட்டியக் குடு."

கொடுத்தான். சட்டைப்பையைத் தடவி, இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தான்.

ஒரு மணி நேரம் போனது. காற்று அவன் புகையைக் கனியின் முகத்துக்கே தள்ளியது. கருகின ஓலை வாடை, அன்றைக்கு அடித்த அதே வாடை. எழுந்து போய்விடலாம், இவன் போய் எதையாவது எரிக்கட்டும், இந்தத் தடவை இவனைத் தூக்கில் போடட்டும் என்று அவள் மனசார ஆசைப்பட்டாள். நல்ல மனசு என்று அவளை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இவன் எரிக்கப்போகிற வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் காய்ச்சலோடு ஏதாவது ஒரு பிள்ளை படுத்திருக்கும், அது ஒன்றுக்காகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கக் கூடாது."

"செல்விக்கு வேற எடத்துல பேசி முடிச்சிட்டாவளாம். அவ அப்பன் வீட்டு ஓலை கண்ணுக்குள்ளயே நிக்கி. நெனைக்கக் கூடாதுன்னுதான் நெனைக்கேன் மைனி, அதுவே வருது." கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினான். "ஜெயில்ல இருக்கையிலயும் பிள்ளை நெனப்பு வராத நாளு..."

"அவ பேச்ச எடுக்காத" என்றாள் கனி. "எடுத்தேன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். பிறகு நீ எந்த ஊர எரிச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல."

புகை பாதியாக இறங்கியிருந்தது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை, தோளில் பை, கையில் ஒரு பச்சைக் கேன். "அக்கா, ஒரு வாய் தண்ணி கெடைக்குமா" என்று மரியாதையாகக் கேட்டான். காலனியில் எல்லோரும் செய்வதுபோல் கனி முதலில் அவன் தலையைத்தான் பார்த்தாள். எண்ணெய் மினுமினுப்பும் நேர் வகிடும் தவிர ஒன்றுமில்லை, ஒரு நூல் புகை இல்லை. தலையைப் பார்த்துவிட்டதால் கையில் இருந்ததைப் பற்றி யோசிக்கவில்லை. செம்பை நீட்டினாள். அவன் உதடு படாமல் அண்ணாந்து குடித்துவிட்டு, மேற்கே வாய்க்கால் பக்கம் போக வழி எது என்று கேட்டான்.

"அந்தா, வேலியில எடம் விட்டிருக்கு பாருங்க, அதுவழியாப் போங்க தம்பி. காத்து தூக்கும், பாத்து."

"சரிக்கா" என்று போனான். அவனுக்கு அந்தக் காலனியில் யார்மேலும் கோபம் இல்லை, பகை இல்லை, ஒருத்தர் பெயர்கூடத் தெரியாது. சொன்ன வேலையைச் செய்ய வந்தவன், அவ்வளவுதான். கால் மணி நேரம் கழித்து வெறும் கையோடு வாய்க்கால் கரைமேல் நடந்து போய், அங்கே நின்ற யார்டு ஜீப்பில் அவன் ஏறுவதைக் கனி பார்த்தாள். ஏறியபின்தான் கேன் எங்கே என்று தோன்றியது. அதற்குள் மேற்குக் கடைசி வீட்டிலிருந்து தீ எழும்பி, காற்றின் முதுகில் ஏறி வந்துகொண்டிருந்தது.

அதைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. டிரம்மைத் திறந்தால் மீன் இருந்தது. வாளியில் மணல் இல்லை. மாகாளி ஓடி ஓடிப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தூக்கி வெளியே போட்டான், சாக்கை நனைத்துப் போர்த்திக்கொண்டு தெரேசம்மாளின் வீட்டுக்குள் இரண்டு தடவை நுழையப் பார்த்தான், முடியவில்லை. சிவப்பு வண்டி பாலத்தைத் தாண்டி மணலில் புதைந்தது. நான்கரை மணிக்கு அறுபத்திரண்டு வீடுகள் இல்லை, படுக்கையில் கிடந்த தெரேசம்மாளின் புருஷன் இல்லை.

நான்கு வருஷம் கழித்து எரிந்த காலனிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டான். மத்தியானம் மாகாளிக்குத் தலை புகைந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள், இப்போதும் உச்சியில் ஒரு நூல் மிச்சமிருந்தது. ஆறுமுகநயினார் உப்பு வண்டிக் கயிற்றோடு வந்தான். இரண்டு பேர் மாகாளியின் கையைப் பின்னால் வளைத்தார்கள். அவன் திமிறவில்லை. முன்பு செய்ததற்கு இப்போது கொடுக்கிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, கழுத்தைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டு நின்றான்.

"பொறுங்கய்யா" என்று தனுஷ்கோடி நடுவில் புகுந்தார். முகமெல்லாம் கரி, கண் சிவந்திருந்தது. "சண்முகக்கனி, உன் முறைதானே? இவன் எங்க இருந்தான்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தெரியாது என்று ஒரு சொல் போதும். அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றாலே போதும், மிச்சத்தைக் கயிறு பார்த்துக்கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளையின் பழியும் தீரும், செம்பில் தண்ணீர் கொடுத்து வழிகாட்டி அனுப்பியது யாரென்று எந்தக் காலத்திலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. தொண்டை வரைக்கும் அந்த "தெரியாது" வந்து நின்றது. இதே இடத்தில், இதே சாம்பலில், தன் பிள்ளையை எடுத்துக் கிடத்தியிருந்தபோது தன் வாயே "அடுப்புப் பொறி" என்று சொன்னதை நினைத்தாள். அதைச் சொன்ன நாளிலிருந்து அவளால் ஒரு வாய்ச் சோற்றை ருசித்து விழுங்க முடிந்ததில்லை.

"என் கண்ணு முன்னாலதான் இருந்தான்" என்றாள். "தீப்பெட்டி ரெண்டும் என் மடியில இருக்கு. வச்சவன் வேற ஆளு. யார்டு ஜீப்புல ஏறிப் போனான். தலை சுத்தமா இருந்துச்சு. நாந்தான் தண்ணி குடுத்தேன். நாந்தான் வேலி வழியக் காட்டினேன்."

தெரேசம்மாள் முன்னால் வந்தாள், அவள் சேலையெல்லாம் உப்பும் சாம்பலும். "கனி, அவரு உள்ள கெடந்தாரே" என்றாள்.

நயினாரின் கையிலிருந்து கயிறு விழுந்தது. மாகாளியின் தலையில் மிச்சமிருந்த நூலும் அறுந்து போனது. பிறகு தெரேசம்மாளின் உச்சியிலிருந்து புகை எழும்பியது, வெள்ளையுமில்லாமல் நீலமுமில்லாமல் அதுவரைக்கும் யாரும் பார்த்திராத செம்மண் நிறத்தில். மூன்று நாள் ஆகவில்லை, மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்து நயினாருக்கு, அடுத்து அவன் பெண்டாட்டிக்கு, ரேஷன் கடைக்காரருக்கு, பூசாரிக்கு, பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவளுக்கு, இடுப்பிலிருந்த பிள்ளைக்கு. தனுஷ்கோடி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, கையை முகர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே சாம்பலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் புகைந்தது. தூரத்தில் ரோட்டில் போனவர்கள் பார்த்திருந்தால், எழுபது வீட்டிலும் ஒரே நேரத்தில் உலை வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. வாய்க்கால் கரைமேல் போனால் அரைமணி நடையில் கண்டெய்னர் யார்டு. முதலாளி அங்கே இருக்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். வாட்ச்மேனும் அவன் குடும்பமும் தகரக் கொட்டகையில் இருப்பார்கள், லாரி டிரைவர்கள் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார்கள், அதுவும் எல்லோருக்கும் தெரியும். நடக்க ஆரம்பித்தார்கள்.

கனி தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. மாகாளியைப் பார்த்தாள், அவன் தலையும் சுத்தம். மூன்றாம் வாய்க்கால் காலனியில் அந்நேரம் புகையாத தலை இரண்டே இரண்டுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் பறித்தவனும்.

அவள் குறுக்கே ஓடி, கரை குறுகுகிற இடத்தில், எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்காமல், "வா" என்றாள்.

மாகாளி வந்தான். "நூத்தம்பது பேரு வாராவ மைனி. நம்ம ரெண்டு பேரு."

"எண்ணத் தெரியும் எனக்கு. உக்காரு."

கரையின் அகலம் நான்கு முழம் இல்லை. அவளை ஒட்டித்தான் உட்கார முடிந்தது. அவன் தோள் அவள் தோளில் பட்டது. அவள் நகரவில்லை. கூட்டம் வந்து நின்றது. முன்னால் கையில் தீப்பெட்டியோடு தெரேசம்மாள், அவள் பின்னால் கரை முழுவதும் புகை. அந்த இரண்டு பேரையும் மிதித்துக்கொண்டு போவது ஒன்றும் பெரிய காரியமில்லை, வாய்க்காலில் தள்ளிவிட்டும் போகலாம், கனிக்கு அது தெரியும்.

கையை நீட்டினாள். "தீப்பெட்டியக் குடு தெரேசு."

தெரேசம்மாள் கொடுக்கவில்லை. நீட்டிய கையையும், ஒட்டி உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பேரையும், ரொம்ப நேரம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தீப்பெட்டியை இறுக்கிப் பிடித்தபடியே, அவர்களுக்கு எதிரில், முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள்.